மிச்சமிருந்த ஒரு படி

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பாயின் ஓரங்களிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு ரோலர். அதற்கும் பின்னால், தலையில் துண்டும் காலில் சாக்குமாகச் சாலை போடும் ஆட்கள்.

லாரிக்கு முன்னால், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கோலம்.

தினமும் போடும் வாசல் கோலமாக இருந்தால் ஓரமாக ஒதுங்கியிருக்கும். இது போட்டிக் கோலம். ஒவ்வொரு வீட்டுக் கோலமும் எதிர் வீட்டுக் கோலத்தைத் தொடும் அளவுக்கு விரிந்து கிடந்தது. மயில், தேர், தாமரை, சிக்குக் கோலம், நடுநடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூ. பால்காரர்கூட சைக்கிளை முனையிலேயே சாத்திவிட்டு, சுவரை ஒட்டி நடந்துதான் பாக்கெட் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

லாரி டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர், அடிக்காமல் எடுத்துவிட்டார். கீழே இறங்கி வந்து, முதல் கோலத்தின் ஓரத்தில் நின்று, "இத எப்டி தாண்டறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

நான் அப்போது கையில் சாக்பீஸோடு பால் பூத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்த வயதில் எனக்கு எதற்குச் சாக்பீஸ் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போர்டு அக்கா

சைதாப்பேட்டையில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் நான் பல வருஷங்கள் வேலை பார்த்தேன். எந்த லாரி எத்தனை மணிக்கு எந்த ஊருக்குக் கிளம்புகிறது என்று வாசலில் இருந்த கரும்பலகையில் எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும் கை சும்மா இருக்க மறுத்தது.

எங்கள் மயிலாப்பூர்த் தெருமுனையில், பால் பூத்தை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ஏதோ ஒரு கட்சிக்காரர்கள் வைத்துவிட்டு மறந்து போனது. ஒருநாள் அதைத் துடைத்துவிட்டு, "நாளை காலை குடிநீர் வராது. பிடித்து வைத்துக்கொள்ளவும்" என்று எழுதினேன். மறுநாள் உண்மையாகவே தண்ணீர் வரவில்லை. அன்றையிலிருந்து தெருவுக்கு என் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்புறம் மின்தடை, நாய்களுக்குத் தடுப்பூசி முகாம், சொத்து வரிக்குக் கடைசி நாள், பழைய டிவியையும் கம்ப்யூட்டரையும் வாங்கிக்கொள்ள வண்டி வரும் கிழமை என்று எல்லாம் அதில் ஏறின. வார்டு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுவேன். அங்கே என் குரலைக் கேட்டதும் பெயர் கேட்காமலே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். விட்டால் போதும் என்றுதான் சொல்கிறார்கள் என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. "முன்ன சரக்கு லாரி வர்ற நேரத்த எழுதுன, இப்ப தண்ணி லாரி வர்ற நேரத்த எழுதற. உனக்கு ரிட்டையர்மென்ட்டே கெடயாது" என்பார்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருக்கிறது. அதில் குட் மார்னிங் பூங்கொத்துகளுக்கும் சுண்டைக்காய் வைத்தியத்துக்கும் நடுவே, நாளைக்குக் கரண்ட் போகும் என்ற செய்தியைத் தேடி எடுப்பதற்குள் கரண்ட் போய்விடும். போர்டில் எழுதினால் பால் வாங்க வருகிறவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

அந்த வாரம் போர்டில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று: "திங்கள் முதல் நம் தெருவில் சாலைப் பணி. முதலில் பழைய சாலை சுரண்டப்படும். வண்டிகளைத் தெருவில் நிறுத்த வேண்டாம்." அதற்கு நேர் கீழே மற்றொன்று: "ஞாயிறு காலை கோலப் போட்டி. அனைவரும் வருக. பரிசு உண்டு." தார் ஒரு நாள் முன்னாலேயே வந்து நிற்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தெரு வளர்ந்த கதை

பிள்ளைகள் வளர்வதைக் கதவு நிலையில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் தெரு வளர்வதைப் படிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது எங்கள் வீட்டு வாசலில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அத்தனை படிகள். ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே புதுத் தாரை ஊற்றினார்கள். ஊற்ற ஊற்றத் தெரு உயர்ந்தது, படிகள் குறைந்தன. எனக்கு முழங்கால் வலி வந்தபோது ஏறுவதற்குப் படியே இல்லை. அந்த வகையில் எனக்கு வசதிதான் என்று கிண்டல் செய்தவர்கள், அடுத்த மழைக்கு என் கூடத்தில் செருப்புகள் மிதப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

கோடி வீட்டுக்காரர் பணம் உள்ளவர். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார். அஸ்திவாரத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் சொருகி, ஆட்கள் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகுவார்கள். அவர் அந்த நாட்களிலும் உள்ளே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காபி டம்ளர் ததும்பவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நாங்கள் மற்றவர்கள் எல்லாம் வாசலில் செங்கல் வைத்துக் குட்டிச் சுவர் கட்டி, அதைத் தாண்டித் தாண்டி நடக்கப் பழகிக்கொண்டோம்.

பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு தெரு உயராமல் புதிதாகப் போட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. மில்லிங் என்கிறார்கள். அதற்குத் தனி மிஷின், தனி வாடகை. அதனால் வசதிப்பட்ட இடத்தில் மறந்துவிடுவார்கள். இந்தத் தடவை மறக்கக்கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் சம்பத் சாரும் நானும் வார்டு அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, மனு மேல் மனு கொடுத்திருந்தோம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது மாநகராட்சி விஷயத்தில் ஓரளவுக்கு உண்மை.

கடை லீவு

எனக்குச் செருப்பு மிதந்ததோடு போயிற்று. எங்கள் தெருவில் பிழைப்பே மிதந்தவள் ஒருத்தி இருந்தாள். புஷ்பா.

நாராயணன் சார் வீட்டின் முன்னறையில் புஷ்பா டைலர் கடை வைத்திருக்கிறாள். தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. ஒரு தையல் மிஷின், ஒரு கட்டிங் டேபிள், சுவர் முழுக்க ஹாங்கரில் பிளவுஸ். மயிலாப்பூரில் பாதிப் பேரின் கழுத்து அளவு அவளுக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டருக்குக்கூடத் தெரியாது. ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லவும் மாட்டாள்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் அவள் வீடு இருந்தது. கரையோர வீடுகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். வீடு போன இடத்துக்கு வாடிக்கையாளர்கள் வருவார்களா? அதனால் அவள் தினமும் பஸ் பிடித்து, பெருங்குடி நெரிசலில் நின்று, இங்கே வந்து கடை திறப்பாள். இந்த ஒரு அறை போய்விட்டால் அவளுக்கு இந்த ஊரில் கால் வைக்க இடமில்லை.

அந்த அறைக்கு ஒரு காலத்தில் மூன்று படிகளாம். நான் ஞாபகம் வைத்திருப்பது இரண்டு. இப்போது மிச்சமிருந்தது ஒன்று.

மழைக்காலத்தில் வானம் கறுத்தால் அவள் எனக்குப் போன் பண்ணுவாள். "அக்கா, போர்டுல கடை லீவுன்னு எழுதிடுக்கா." நானும் தண்ணீர், கரண்ட் செய்திகளுக்குக் கீழே "புஷ்பா கடை லீவு" என்று எழுதுவேன். முந்தைய மழையில் தெருத் தண்ணீர் அந்த ஒற்றைப் படியைத் தாண்டி உள்ளே போய், மிஷினின் மோட்டாரை முழுங்கிவிட்டது. கல்யாண பிளவுஸ் ஒன்றின் சிவப்புச் சாயம் கிளம்பி, பக்கத்திலிருந்த பட்டில் எல்லாம் ஏறிவிட்டது. அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து நின்றபோது, புஷ்பா அழாமல் பதில் சொன்னதைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது.

நாராயணன் சார் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுச் சுவரும் ஊறுகிறது. இன்னொரு தடவை ரோடு ஏறினால் முன்னறைக் கதவை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிவிடுவதாகவும், அவள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எங்களால் முடியவில்லை.

ஆறின கஞ்சி

இப்போது லாரிக்கு வருவோம்.

வந்த மேஸ்திரியின் பெயர் தனபால். திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமையே வந்ததன் காரணம் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் புரிந்தது. ஞாயிறு என்றால் அலுவலகத்திலிருந்து பார்வையிட ஆள் வராது. திங்கட்கிழமை அவர்கள் வரும்போது பளபளவென்று புது ரோடு கிடக்கும். அடியில் சுரண்டினார்களா இல்லையா என்று தோண்டியா பார்க்க முடியும்? ஒப்பந்தக்காரர் யாரென்று இங்கே எழுதப் போவதில்லை. கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர்த் தெரு எப்படி இருக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

தனபால் முதலில் அதிகாரமாகத்தான் பேசினார். கோலத்தை எல்லாம் பெருக்கித் தள்ளுங்கள், கவர்மென்ட் வேலை என்றார். தெருவே கூடிவிட்டது. சாலையின் உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கவலை எல்லாம் பரிசைப் பற்றித்தான். நடுவர் இன்னும் வந்து சேரவில்லை.

சம்பத் சார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றார். "ஜட்ஜ் ஆதம்பாக்கத்துலேர்ந்து கெளம்பியாச்சு, வந்துண்டிருக்கா. அவா வந்து மார்க் போடற வரைக்கும் யாரும் கோலத்து மேல காலை வைக்கப்டாது. என் ஆத்து மனுஷாளுக்கும் இதான் சொல்லியிருக்கேன்" என்றார்.

மேஸ்திரி தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். ஒரு அம்மாள் தலையிலிருந்த பாண்டுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கோலத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். மார்கழிக் கோலத்தின் மேல் தாரை ஊற்ற முடியாது, வேண்டுமானால் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். ரோலர் டிரைவர் எஞ்சினை அணைத்தார்.

தார்க் கலவை சூடாக இருக்கும்போதே கொட்டிப் பரப்பி உருட்டிவிட வேண்டும். ஆறிவிட்டால் கட்டி தட்டிவிடும், அப்புறம் ரோலர் ஏறினாலும் படியாது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி. தார்ப்பாயின் ஓரத்தில் கசிந்த புகை மெலிந்துகொண்டே வந்தது. தனபாலின் குரலும் அதோடு சேர்ந்து இறங்கி, அதிகாரத்திலிருந்து கெஞ்சலுக்கு வந்துவிட்டது. லோடு வீணானால் தன் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அவர் சொன்னபோது சில பெண்களுக்கு மனசு இளகியது. விளக்குமாற்றை எடுக்க ஒருத்தி உள்ளே போகக் கிளம்பினாள்.

அந்த நேரத்தில்தான் புஷ்பா முன்னால் வந்தாள். போட்டிக்காக முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடை வாசலில் ஒரு சிக்குக் கோலம் போட்டிருந்தாள். விரலெல்லாம் கோலமாவு. அவள் கையிலும் ஒரு விளக்குமாறு இருந்தது.

"அண்ணே, கோலந்தான் உனுக்கு தடங்கல்னா என்னுத நானே மொதல்ல பெருக்கிடறேன். ப்ரைஸும் வாணாம் ஒண்ணும் வாணாம். ஆனா கீழ இருக்கறத சுரண்டிட்டு போடு. சுரண்டாம இதும்மேலயே ஊத்திட்டு நீ பாட்டுக்கு போயிட்டன்னா, தெரு என் கடைக்குள்ள வந்துரும். ஒரே ஒரு படிதான் பாக்கி கீது. வந்து நீயே பாரு."

கத்தவில்லை. அளவு எடுக்கும்போது "கையத் தூக்குக்கா" என்பாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள்.

தெருவே திரும்பி அந்தப் படியைப் பார்த்தது. தினம் பார்க்கிற படிதான். வருஷா வருஷம் பரிசு வாங்கும் ஜெயந்தி, அதுவரை தன் மயிலின் தோகையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள், வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தன் கோலத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். தோகை அழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. "சுரண்டற மிஷின் வரட்டும், மேஸ்திரி. நாங்க வெயிட் பண்றோம்" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலி வந்தது. அப்புறம் ஸ்டூல், முக்காலி, ஊஞ்சல் பலகை.

நான் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு வார்டு ஏ.இ.க்குப் போன் போட்டேன். உதவிப் பொறியாளர். சின்ன வயதுப் பெண்.

ஈரத்தலை

தி.நகரிலிருந்து அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது தலை துவட்டக்கூட இல்லை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு, துண்டு கட்டிய கொண்டையின் மேலேயே ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு வந்திருந்தார். முதலில் கோலங்களைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளை. கடைசியில்தான் லாரியைப் பார்த்தார்.

"மில்லிங் மிஷின் எங்க?" என்று கேட்டார்.

"நாளைக்கு வருது மேடம்" என்றார் தனபால்.

"போட்டுட்டு அப்புறமா சுரண்டுவீங்களா?"

தெருவே சிரித்தது. தனபாலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பாவம். ஏ.இ. ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டு, ஓரமாகப் போய் நின்று பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பேசும்போது ஈரத்தலை இரண்டு தடவை பலமாக ஆடியதை மட்டும் பார்த்தேன். இந்த லோடு முழுக்க ஆறுவதற்குள் தெருக்குழி அடைக்க வேறு இடத்துக்குப் போகட்டும், இங்கே மிஷின் வந்து சுரண்டிய பிறகுதான் தார் என்று முடிவாயிற்று. லோடுக்கு மேஸ்திரியின் சம்பளத்தில் கை வைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

லாரி போய்விட்டது. ஆட்களுக்கு எங்கள் தெரு காபி கொடுத்தது, கூடவே மார்கழிப் பொங்கலும். பாண்டுச் சட்டி அம்மாள் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு நடுவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஓவிய ஆசிரியையாக இருந்தவர். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட வழியெல்லாம் சுற்றி வந்ததில் தாமதம். தெருமுனையில் ரோலர் நிற்பதைப் பார்த்துவிட்டு, இதுவும் போட்டியில் சேர்த்தியா என்று கேட்டார். முதல் பரிசு, தோகை அழிந்திருந்தும், ஜெயந்திக்கே போயிற்று. புஷ்பாவின் சிக்குக் கோலத்தில் ஒரு கம்பி ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டிருந்ததாம். ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.

"கம்பி இழுக்கறப்போ கண்ணு படி மேலயே இருந்துச்சுக்கா. நாளைக்கி ரோடு போடறாங்கன்னு அதே நெனப்பு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

மேலே வந்தது

தை பிறந்து சில நாட்களில் மிஷின் வந்தது. பற்கள் வைத்த உருளை. தெருவின் ஒரு முனையிலிருந்து பழைய சாலையைப் பொடிப்பொடியாகச் சுரண்டிக்கொண்டே நகர்ந்தது. நாங்கள் பால்கனியிலும் வாசலிலும் நின்று தேர் பார்ப்பது போலப் பார்த்தோம். நடுத்தெருவை மிஷின் பார்த்துக்கொண்டது. வீட்டு ஓரங்களைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள்.

புஷ்பா கடை வாசலில் கடப்பாரை 'டங்' என்றது. கல்.

தாரைப் பாளம் பாளமாக நீக்கியதும் அடியிலிருந்து ஒரு கருங்கல் படி வெளியே வந்தது. நான் ஞாபகம் வைத்திருந்த அந்த இரண்டாவது படி. ஓரம் மழுங்காமல், அழுக்கு மட்டும் ஏறி, அப்படியே இருந்தது. புஷ்பா ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். நாராயணன் சார் மாடியிலிருந்து இறங்கி வந்து, அதன் மேல் ஏறி நின்று பார்த்தார். இறங்கினார். மறுபடி ஏறினார். சுவர் எழுப்பும் பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, ஒரு மழை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஆகவே புதுத் தார் அந்தக் கல் படிக்குக் கீழேயே நின்று, எங்கள் தெரு வழவழவென்று ஆன பிறகும் புஷ்பா நிம்மதியாக இல்லை. கோடை முழுக்கத் தைத்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்குத் தைத்தாள். ஆனால் புது மோட்டாரைத் தரையில் வைக்காமல், ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தே ஓட்டினாள்.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் பிடித்த மழை விடியும் வரை விடவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக என் கூடத்தைத்தான் பார்த்தேன். செருப்பு விட்ட இடத்தில் இருந்தது. காபி போடக்கூட நேரமில்லை, போன் அடித்தது.

"அக்கா, இங்க பஸ்ஸு ஒண்ணும் வர்ல. கட பக்கம் போய்ப் பாத்தியாக்கா?" என்றாள் புஷ்பா. அவளுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

குடையை எடுத்துக்கொண்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு போனேன். தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பழுப்பு நிறத்தில் இலையும் சருகுமாக ஓடிக்கொண்டிருந்தது. கடை வாசலில் போய் நின்று குனிந்து பார்த்தேன். கருங்கல் படியின் பாதியில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது. மேல் படி நனைந்திருந்தது, மழைச் சாரலில். கதவடியில் ஒரு சொட்டு இல்லை.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். மாடி ஜன்னலில் நாராயணன் சார் நின்றிருந்தார். என்னைப் பார்த்துப் படியைக் காட்டி, சுவர் வேண்டாம் என்பதுபோல் கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

"நைனா வந்துகினு கீறாரு, ஆட்டோல என்ன இட்டுக்கினு வந்துருவாரு" என்றாள் புஷ்பா. தன் வீட்டுக்காரரை அவள் அப்படித்தான் சொல்வாள். "அக்கா, போர்டுல எழுதிடுக்கா."

பழக்க தோஷத்தில், "என்ன, லீவுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லக்கா. கட உண்டுன்னு எழுது."